ரெண்டு பேர் மட்டும் ஓட்டித் திரியிறதுக்கு வசதியான ட்ரோலர் எது?

ஏரிக்கரையான் (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். கனகாலமா வாசிக்கிறன், எழுதிறது இதுதான் முதல் தரம்.

எனக்கு 61, மனிசிக்கு 59. அவ வாற வருசம் ஜூனிலை வேலையை விடுறா, நான் ஏற்கனவே விட்டிட்டன். 11 வருசமா சிம்கோ ஏரியிலை ஒரு 22 அடி போட் வைச்சிருக்கிறம், அது காலமை போய் பின்னேரம் வாறதுக்குத்தான் சரி, இரவு தங்கேலாது. பிள்ளையள் ரெண்டு பேரும் தனியப் போட்டினம், வீட்டை வித்து சின்னனா ஒரு கொண்டோ எடுத்துக்கொண்டு மே மாதத்திலை இருந்து ஒக்டோபர் வரைக்கும் தண்ணியிலையே இருப்பம் எண்டு பிளான். முதல் ரெண்டு வருசம் ட்ரென்ட் செவர்ன் கால்வாய், ஜோர்ஜியன் பே. பிறகு உடம்பு விட்டா கிரேட் லூப், ஆறு, ஏரி, கடல் எண்டு வட அமெரிக்காவின்ரை கிழக்குப் பாதியைச் சுத்தி வாற அந்த 6000 மைல் சுத்து.

எனக்கு ஆசை நோர்ட்ஹாவ்ன் 46 மேலை (எல்லாம் ட்ரோலர் கம்பெனியள், நம்பர் நீளம், அடியிலை). அது கிடைக்காட்டி கேடி குரோகன் 42. லிஸ்டிலை கிராண்ட் பேங்க்ஸ் 36, 42, நோர்டிக் டக், மெயின்ஷிப் 34 எல்லாம் இருக்கு. பட்ஜெட் இருநூறாயிரம் கனேடியன் டொலர், கொஞ்சம் இழுக்கலாம்.

கேள்வி என்னெண்டா, ஒரு எஞ்சினோ ரெண்டு எஞ்சினோ? போட் பக்கவாட்டிலை ஆடாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் கட்டாயம் வேணுமோ? மனிசிக்கு வலது முழங்கால் ஒப்பரேசன் செய்தது, அவவின்ரை ஒரே கேள்வி "குசினியிலை நிமிந்து நிண்டு சமைக்கேலுமோ" எண்டதுதான்.

பி.கு: ட்ரோலர் வாங்கப்போறம் எண்டு மாமியாரிட்டை சொன்னன், "இந்த வயசிலை மீன் பிடிக்கவோ, அதுவும் இழுவை மடியோ, ஊர்ச்சனம் காறித் துப்பும்" எண்டு ஏசிப்போட்டா. வலை இல்லாத ட்ரோலர் எண்டு விளங்கப்படுத்தவே ஒரு மணித்தியாலம் போச்சு.

---

டீசல்மணி (மொபைல், அலபாமா)

அண்ணாச்சி வாங்க. உங்க மாமியாரு கேட்டது நியாயமான கேள்விதான், எங்க தூத்துக்குடி பக்கமும் ட்ராலர்னா விசைப்படகுதான். இந்த ஊர்ல அந்த மீன்பிடி படகோட உடம்பு சாயல்ல, மெதுவா, கம்மி டீசல்ல போற வீட்டுப் படகுக்கு அந்தப் பேர ஒட்டிட்டாங்க, இப்ப விக்கிறவன் கண்ணுல படுறதெல்லாம் ட்ராலர்.

நான் 31 வருசம் கப்பல்ல எஞ்சின் ரூம், இப்ப ரிட்டையர்டு, கைல ஒரு 36 அடி தைவான் போட்டு, 83 மாடல். கம்பெனி பேரு கேக்காதீங்க, பின்னாடி திட்டப்போறேன்.

மொத விசயம், நோர்ட்ஹாவ்ன் ஆசைய கொஞ்சம் ஓரமா வைங்க. அது கெட்ட போட்டுன்னு சொல்லல, அவங்க 40 அடி போட்டு 2001-02ல உலகத்தையே சுத்திட்டு வந்துச்சு, அதுக்காகவே செஞ்சது. 46ல டீசல் டாங்கி மட்டும் ஆயிரம் கேலன் கிட்ட வரும். நீங்க போகப்போற ட்ரென்ட் செவர்ன் மொத்தமே 386 கிலோமீட்டர், கால்வாயா வெட்டுன எடத்துல எல்லாம் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல போனா அபராதம். கிரேட் லூப்லயே பெரிய இடைவெளி மிசிசிப்பில செயின்ட் லூயிஸ் தாண்டி ஒஹையோ ஆத்துல பதூக்கா வரைக்கும் வர்றதுதான், 200 மைலு சொச்சம், 400 கேலன் டாங்கி உள்ள எந்த டீசல் போட்டும் கண்ண மூடிட்டு தாண்டிரும். அட்லாண்டிக்க தாண்டுற சாமானுக்கு காசு குடுத்துட்டு பீட்டர்பரோ லாக்குல (தண்ணிய ஏத்தி எறக்கி போட்ட அடுத்த மட்டத்துக்கு விடுற கதவு போட்ட தொட்டி) நிக்கப்போறீங்க. அதோட உங்க பட்ஜெட்டுக்கு 46 கிடைச்சா ஏன் கிடைச்சுதுன்னு யோசிக்கணும்.

உயரத்தையும் பாக்கணும். லூப்புக்கு போற எல்லாரும் சிகாகோ தாண்டி ஒரு ரயில் பாலத்துக்கு அடியில போயே ஆகணும், தூக்குற பாலம் இல்ல, உயரம் சுமாரா பத்தொம்பதரை அடி, அதுக்கு சுத்து வழி கிடையாது. சிகாகோ டவுன்டவுன் வழியா போகணும்னா 17 அடி. பாய்மரக் கம்பு மடிச்சா 17க்குள்ள வருதான்னு டேப் வச்சு அளக்கணும், பேப்பர்ல போட்டிருக்கறத நம்பாதீங்க, ராடார் ஆன்டெனான்னு பின்னாடி ஒவ்வொருத்தனும் ஒண்ணு சொருகியிருப்பான். தண்ணிக்கு கீழ 5 அடிக்குள்ள இருந்தா ட்ரென்ட்ல நிம்மதி. குரோகன் 42 நாலரை அடி சொச்சம், கிராண்ட் பேங்க்ஸ் எல்லாம் நாலு அடி சில்லறை, ரெண்டும் ஓகே.

எஞ்சின் ஒண்ணா ரெண்டான்னா, உங்களுக்கு ஒண்ணு. ஜார்ஜியன் பேல அடியில இருக்கறது மணல் இல்ல, கருங்கல்லு. ஒத்த எஞ்சின் போட்டுல ப்ரொப்பெல்லர் நடுவுல கீலுக்கு, அதாவது போட்டோட அடித்தண்டுக்கு, பின்னாடி மறைஞ்சிருக்கும், அடி பட்டா கீல் வாங்கிக்கும். ரெட்டை எஞ்சின்னா ரெண்டு பக்கமும் ப்ரொப்பெல்லர் தொங்கிட்டு நிக்கும், மொத அடியே அதுக்குத்தான். ஒண்ணு நின்னா இன்னொண்ணு இருக்கேன்னு சொல்லுவாங்க, நெசந்தான், ஆனா எஞ்சின் நிக்கிறது பத்துல ஒம்பது தடவ அழுக்கு டீசலால, அது ரெண்டையும் சேத்தே நிறுத்தும். ஆயில், ஃபில்டர், இம்பெல்லர் எல்லாம் ரெண்டு மடங்கு, அதோட ரெட்டை எஞ்சின் போட்டுல எஞ்சினுக்கு அந்தப்பக்கம் போய் வேல பாக்க மனுசன் பாம்பாட்டம் நெளியணும். 61 வயசுல நெளிய முடியுமா? முன்னாடி மூக்க பக்கவாட்டுல தள்ளுற பவ் த்ரஸ்டர் ஒண்ணு இருந்தா ஒத்த எஞ்சினே போதும்.

வேகக் கணக்கு ஒண்ணு. தண்ணியில படுற நீளத்தோட வர்க்கமூலம் பெருக்கல் 1.34, அதான் அந்த உடம்போட இயல்பான வேகம். 35 அடின்னா 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) கிட்ட. அதுக்கு ஒரு நாட் கீழ ஓட்டுனா 40 குதிரைசக்தி போதும், மணிக்கு ரெண்டு ரெண்டரை கேலன். அந்த 8ஐ தொடணும்னு ஆக்ஸிலரேட்டர ஏத்துனா டீசல் ரெட்டிப்பாகும், பின்னாடி அலை மட்டும் பெருசாகும், வேற ஒரு பிரயோசனமும் இல்ல. அதனால 300 குதிரை 400 குதிரைன்னு போட்டிருக்கறதப் பாத்து மயங்க வேணாம். பழைய ஃபோர்டு லேமன் 120 ஒண்ணு போதும், அது லாரி, டிராக்டர் காலத்து எஞ்சின், கெடாது, ஆனா இன்ஜெக்சன் பம்புக்கு தனியா ஒரு ஆயில் உண்டு, அத 50 மணி நேரத்துக்கு ஒருக்க மாத்தணும், பாதிப்பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. போட்டு பாக்கப்போறப்ப ஓனர்கிட்ட அந்த ஆயில் எப்ப மாத்துனீங்கன்னு மட்டும் கேளுங்க, அவரு முழிச்சா மத்தத நீங்களே புரிஞ்சுக்கலாம்.

ஸ்டெபிலைசர் கால்வாய்க்கு தேவையே இல்ல. குரோகன் மாதிரி உருண்ட அடி உள்ள போட்டு அது இல்லாம பக்கவாட்டு அலையில தொட்டில் மாதிரி ஆடும், பெரிய ஏரியில அது தெரியும். அடி கொஞ்சம் தட்டையா மூலை வச்ச போட்டு கம்மியா ஆடும், ஆனா வெடுக்குனு ஆடும். எது உங்க வீட்டம்மா வயித்துக்கு ஒத்துக்கும்னு ஏறிப்பாத்தாத்தான் தெரியும்.

---

கணக்குப்புலி (நியூ ஜெர்சி)

ரெயின் ஆன் பரேடு பண்றேன்னு நினைக்காதீங்க சார். இருநூறாயிரம் பட்ஜெட்னா நூத்தி அறுபதுக்கு மேல போட் பாக்காதீங்க, மிச்சம் மொத வருஷமே போயிடும். இன்ஷூரன்ஸ் இப்ப 30 வயசு தாண்டின போட்டுன்னா சர்வே, அதாவது போட்டை ஆள் வெச்சு சோதிச்ச ரிப்போர்ட், இல்லாம பேசவே மாட்டேங்கறான், சில பேர் சர்வே குடுத்தாலும் பேச மாட்டேங்கறான். வாங்க அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் கொட்டேஷன் வாங்கிடுங்க. லூப் போறப்ப சூறாவளி சீசன் ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் இந்த கோட்டுக்கு தெக்க வரக்கூடாதுன்னு பாலிசில இருக்கும், அதைப் படிக்காம ஃப்ளோரிடால நிறுத்தி வச்சு கிளெய்ம் போனவரை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவுல வாங்கி கொண்டுபோனா உங்க எல்லையில எச்எஸ்டி விற்பனை வரி 13 சதவீதம், டாலர் வித்தியாசம் வேற. ஆன்டாரியோலயே நல்ல தண்ணி போட் பாருங்க. உப்புத்தண்ணி படாத போட் 40 வருஷம் ஆனாலும் குழாய், எக்ஸாஸ்ட், கூலிங் எல்லாம் பாதி வயசுதான் காட்டும்.

---

லாக் ராணி (கிங்ஸ்டன்)

அண்ணா, மேல ரெண்டு பேரும் சொன்னது எல்லாமே சரிங்க, ஆனா ரெண்டு பேரும் அக்காவோட கேள்விக்கு பதிலே சொல்லலைங்க பாத்தீங்களா, எப்பவும் இப்படித்தான், எஞ்சின் பத்தி பத்து பத்தி எழுதுவாங்க, குசினி பத்தி ஒரு வரி கிடையாது.

நானும் வீட்டுக்காரரும் அஞ்சாவது சீசனுங்க, 36 அடி சன்டெக் மாடல். நாங்க செஞ்ச தப்பை சொல்றேன், நீங்க செய்யாதீங்க.

சன்டெக்னா பின்னாடி ரூமுக்கு மேல பெரிய மொட்டைமாடி மாதிரி இருக்கும், ஷோல பாத்தப்ப அதுல சாயங்காலம் உக்காந்து காபி குடிக்கறதை நினைச்சே வாங்கிட்டோம். காபி நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மாடியில இருந்து கரைக்கு இறங்க செங்குத்தா ஒரு ஏணி, அதுல மளிகைப் பையோட ஏறணும், மழையில ஏறணும், ராத்திரி டார்ச் கடிச்சுக்கிட்டு ஏறணும். எனக்கு முழங்கால் நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப இல்லை. அக்காவுக்கு ஐரோப்பா மாடல் பாருங்க, இல்லைன்னா செடான்னு சொல்றது, ஹாலும் பின்னாடி திண்ணையும் ஒரே மட்டத்துல இருக்கும், மேல கூரை, பக்கத்துல கேட். கரையில இருந்து ஒரே எட்டு. குரோகன் 42 ரொம்ப அழகுங்க, ஆனா ஹால்ல இருந்து ஸ்டியரிங் ரூமுக்கு படி ஏறணும், அங்கிருந்து படுக்கை ரூமுக்கு படி இறங்கணும், ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு எண்ணிப் பாருங்க.

அடுத்தது படுக்கை. மூக்குப் பக்கம் வி மாதிரி இருக்கற கட்டில்ல ரெண்டு பேர் காலும் ஒரே எடத்துல மோதும், உள்பக்கம் படுக்கறவங்க ராத்திரி பாத்ரூம் போகணும்னா இன்னொருத்தர் மேல ஏறிப் போகணும். நடுவுல தனியா நிக்கற கட்டில், ரெண்டு பக்கமும் இறங்கற மாதிரி, அதுதான் வேணும். போட் பாக்கப் போனா செருப்பைக் கழட்டிட்டு ரெண்டு பேரும் படுத்துப் பாருங்க, புரோக்கர் பாக்கறாரேன்னு வெக்கப்பட்டா அஞ்சு வருஷம் அனுபவிக்கணும்.

இப்ப சமையல். குசினி மேல ஹாலோட இருக்கற மாடலும் உண்டு, நாலு படி கீழ இருக்கற மாடலும் உண்டு. கீழ இருந்தா ஹால் பெருசா தெரியும்னு விக்கறவங்க சொல்லுவாங்க. ஆனா கீழ இருக்கறது பெரும்பாலும் படுக்கைக்கு பக்கத்துலதான், ஒரு நாள் மீன் குழம்பு வெச்சா மூணு நாள் தலகாணியில மணக்கும். வெள்ளைக்காரங்க சாண்ட்விச் பண்றதுக்கு டிசைன் பண்ணின குசினி, தாளிக்கறதுக்கு இல்லைங்க. மேல, பக்கத்துல திறக்கற ஜன்னலோட இருக்கணும், நின்னா தலை இடிக்கக் கூடாது, அலை அடிச்சா இடுப்பை சாய்ச்சுக்க ஒரு மேடை வேணும், அடுப்பைச் சுத்தி பாத்திரம் நகராம கம்பி வேணும். எங்க போட்ல மொத வாரம் பிரஷர் குக்கர் வெச்சுட்டு மறந்துட்டேன், லாக் உள்ள போனதும் விசில் அடிக்குது, லாக் மாஸ்டர் பாவம் என்ன அலாரம்னு எட்டிப் பாத்து கேட்டாரு, நான் பருப்புன்னு சொன்னேன்.

ஸ்டியரிங் பக்கத்துலயே ஒரு கதவு இருக்கான்னு பாருங்க. இது ரொம்ப முக்கியம், யாரும் சொல்ல மாட்டாங்க. லாக்குல ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் கயிறு பிடிக்கணும், ரெண்டே பேர்தான. ட்ரென்ட்ல சுவத்துல மேல இருந்து கீழ கறுப்பு கேபிள் தொங்கும், கயித்தை அதுல ஒரு சுத்து சுத்தி கையில பிடிச்சுக்கணும், கட்டக் கூடாது, தண்ணி இறங்கும்போது கட்டியிருந்தா போட் தொங்கும். ஓட்டறவரும் எஞ்சினை நிறுத்திட்டு உடனே கதவு வழியா வெளிய வந்து இன்னொரு கயிறு பிடிக்க முடியணும். மேல மாடியில மட்டும் இருந்து ஓட்டற பழக்கம் இருந்தா, அவர் இறங்கி வர்றதுக்குள்ள லாக்கே முடிஞ்சிடும். சுத்தி நடக்க அகலமான நடைபாதை, பிடிச்சுக்க கம்பி, அதுவும் கயிறு பிடிக்கறவங்களுக்குத்தான். எங்க வீட்ல நான் ஓட்டுவேன், அவர் கயிறு, பலம் வேணுங்கறது அங்கதான், ஓட்டறதுக்கு பலம் எதுக்கு? அக்காவை ஓட்டச் சொல்லுங்க. ஹெட்செட் ரெண்டு வாங்கிடுங்க, லூப் போறவங்க அதுக்கு வெச்சிருக்கற பேரே கல்யாணத்தைக் காப்பாத்தறதுன்னுதான், கத்தாம பேசிக்கலாம்.

எஞ்சினை ஓட விட்டுட்டு ஹால்ல உக்காந்து சாதாரணமா பேசிப் பாருங்க. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் அதுக்கு மேலதான் உக்காரப் போறீங்க.

அப்புறம் கழிவு டாங்கி. நம்ம ஏரியில ஒரு சொட்டு வெளிய விடக்கூடாது, கரையில மெஷின் வெச்சு உறிஞ்சி எடுக்கற பம்ப்அவுட்தான். எங்களது 40 கேலன், ரெண்டு பேருக்கு ஒரு வாரம் வரும், பிள்ளைங்க வந்தா மூணு நாள். துணி துவைக்க மெஷின் இல்லைன்னு கவலைப்படாதீங்க, லாக் இருக்கற ஊர்ல எல்லாம் கடை இருக்கு.

ட்ரென்ட் செவர்ன்ல அந்த பிக் சூட்ங்கற எடம் வரப்போ முன்னாடியே அக்காவுக்கு சொல்லி வைங்க, அங்க தண்ணி லாக் கிடையாது, போட்டை அப்படியே ரயில் தள்ளுவண்டியில வெச்சு ரோட்டைத் தாண்டி மலைக்கு கீழ இறக்குவாங்க. லாம்ப்ரேன்னு ரத்தம் உறிஞ்சற விலாங்கு மாதிரி ஒண்ணு ஏரிக்குள்ள வந்துடக் கூடாதுன்னு லாக் கட்டாம அப்படியே வெச்சிருக்காங்க. எனக்கு மொத தடவை உயிரே இல்லை.

---

ஏரிக்கரையான்

எல்லாருக்கும் சரியான நன்றி. லாக் ராணி எழுதினதை மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன், அவ போனைப் பறிச்சு தானே ரெண்டாம் தரம் வாசிச்சா. நோர்ட்ஹாவ்ன் லிஸ்டிலை இருந்து போட்டுது, நான் எடுக்கேல்லை, அவ எடுத்தா.

போன சனிக்கிழமை ட்ரென்டனுக்குக் கிட்ட ஒண்டு பாத்தம். 36 அடி, 1986, ஐரோப்பா மாடல், ஒரு எஞ்சின், பிறந்ததிலை இருந்து நல்ல தண்ணி. விலை பட்ஜெட்டுக்குள்ளை. எனக்கு வாசல்லையே பிடிச்சிட்டுது. மனிசி தன்ரை ஊண்டுகோலை வைச்சு ஒவ்வொரு படியையும் அளந்தா. பிறகு கட்டில்லை படுத்தா, புரோக்கர் வெளியிலை போட்டார். பிறகு எஞ்சினைப் போடச்சொல்லி, குசினியிலை நிண்டு மகளுக்கு போன் எடுத்து "நான் கதைக்கிறது கேக்குதோ" எண்டு கேட்டா. கேட்டுதாம். எல்லாத்திலையும் பாஸ்.

ஒரே ஒரு விசயம், முன்பக்கம் டெக்கிலை தேக்குப் பலகை போட்டிருக்கு, வடிவாத்தான் இருக்கு, ஆனா நங்கூரம் இழுக்கிற மெசினுக்குப் பக்கத்திலை நிண்டா காலுக்குக் கீழை கொஞ்சம் மெத்தெண்டு இருந்தமாதிரி. புரோக்கர் பழைய போட் எல்லாம் அப்பிடித்தான் எண்டுறார். சர்வே செய்யவோ, இல்லாட்டி பேசி விலையைக் குறைக்கவோ?

---

டீசல்மணி

அண்ணாச்சி, அந்த மெத்துன்னு இருந்ததுதான் என் கத.

அந்தக் காலத்துல தேக்குப் பலகைய ஃபைபர் டெக்கு மேல வச்சு ஆயிரக்கணக்குல ஸ்க்ரூ அடிச்சிருப்பான். ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு ஓட்டை. டெக்குங்கறது மேல ஒரு ஃபைபர் தோல், கீழ ஒரு தோல், நடுவுல மரம், ஸ்க்ரூ வழியா தண்ணி நடுவுக்கு போயி மரம் சோறாயிரும், வெளியில தெரியவே தெரியாது. எனக்கு புரோக்கர் சொன்னதும் இதேதான், பழைய போட்டு அப்படித்தான்னு. நான் எஞ்சின்காரன்லா, எஞ்சின் ரூம்லயே ரெண்டு நாள் கிடந்தேன், டாங்கிய தட்டிப்பாத்தேன், ஆயில லேபுக்கு அனுப்புனேன், மேல நடந்து பாக்கல. மொத வருசம் ஜன்னலுக்கு கீழ கறுப்பா ஒரு கோடு வந்துச்சு, ரெண்டாம் வருசம் முன்னாடி டெக்கையே பேத்தாச்சு. போட்டு வாங்குன காசுல மூணுல ஒரு பங்கு, ரெண்டு சம்மர் போச்சு, வீட்டம்மா பேசவே இல்ல. நல்ல தண்ணி போட்டுன்னு இதுக்கு விதிவிலக்கு கிடையாது, மழை எல்லா எடத்துலயும் நல்ல தண்ணிதான், சொல்லப்போனா மரம் மக்குறது நல்ல தண்ணியிலதான் ஜாஸ்தி.

புரோக்கர் சொல்ற ஆள வச்சு சர்வே எடுக்காதீங்க, நீங்களே ஆளப் பிடிங்க. போட்ட தண்ணிய விட்டு வெளிய தூக்கணும், சுத்தியல் வச்சு அங்குலம் அங்குலமா தட்டணும், டங்குன்னு கேட்டா நல்லது, பொத்துன்னு கேட்டா போச்சு. ஈரம் பாக்குற மீட்டர் வச்சுருப்பாரு. நீங்களும் கூடவே போயி நில்லுங்க, ரிப்போர்ட்ல எழுதாதத வாயில சொல்லுவாங்க. டீசல் டாங்கி இரும்பா அலுமினியமான்னு கேளுங்க, அந்தக் கால இரும்பு டாங்கியில மேல இருந்து தண்ணி சொட்டி துரு பிடிச்சிருந்தா மாத்துறதுக்கு சில நேரம் எஞ்சினையே தூக்க வேண்டியிருக்கும்.

விலைய குறைக்கறது அப்புறம். எவ்வளவு குறைக்கணும்னு தெரியணும்னாலே சர்வே வேணும்.

---

லாக் ராணி

அண்ணா, சர்வே ஒரு பக்கம் நடக்கட்டும், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க போட்ல ராத்திரி தங்க முடியாதுன்னு முதல் பதிவுலயே சொன்னீங்க, அப்ப அக்கா போட்ல ராத்திரி தங்கிப் பழகினது இல்லைன்னு நினைக்கறேன். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வாடகைக்கு எடுங்க. ரைடோ கால்வாய்ல கிடைக்கும், 202 கிலோமீட்டர், 1832ல திறந்தது, லாக் பாதிக்கு மேல இன்னும் கையால சுத்தறதுதான், அவ்வளவு அமைதி. லைசன்ஸ் கார்டு இல்லைன்னாலும் அவங்களே சொல்லிக் குடுத்து செக்லிஸ்ட்ல கையெழுத்து வாங்கிட்டு அனுப்புவாங்க. செப்டம்பர் நடுவுல போனா கொசு இல்லை, கூட்டம் இல்லை, விலையும் கம்மி.

ட்ராலர் மாதிரி இருக்காது, அகலமா பெட்டி மாதிரி இருக்கும். ஆனா ஏழு ராத்திரி ரெண்டு பேரும் அவ்வளவு சின்ன எடத்துல, மழை வந்தா வெளிய போக முடியாம, எப்படி இருக்கீங்கன்னு தெரிஞ்சிடும்.

---

கணக்குப்புலி

+1. வாடகைக்கு போற காசை சர்வே செலவு மாதிரி நினைச்சுக்கோங்க. போட்டுக்கு ஒரு சர்வே, புருஷன் பொண்டாட்டிக்கு ஒண்ணு.

---

ஏரிக்கரையான்

அப்டேட். சர்வே முடிஞ்சுது, நானே ஆள் பிடிச்சன், ஒரு நாள் முழுக்க நிண்டார். முன்டெக்கிலை நங்கூர மெசினைச் சுத்தி பொத் பொத் எண்டு சத்தம், அங்கை இருந்து இடப்பக்க ஜன்னல் வரைக்கும் ஈரம். எஞ்சின் தங்கம் எண்டார், டாங்க் பரவாயில்லையாம். ஆனா டெக்குக்கு அவர் சொன்ன தொகையை விக்கிறவர் குறைக்க மாட்டன் எண்டிட்டார், 15 வீதத்துக்கு மேலை இறங்கேல்லை. விட்டிட்டம்.

சர்வே, தூக்கிற கூலி எல்லாம் சேத்து ஆயிரத்து முந்நூறு டொலர் போச்சு. எனக்கு ரெண்டு நாள் நித்திரை இல்லை, அந்தப் போட்டிலை இருந்து மீன் பிடிக்கிற மாதிரி கனவு வேறை. மனிசி சொல்லுறா, "ஆயிரத்து முந்நூறுக்கு முப்பதாயிரம் மிச்சம் பிடிச்சிருக்கிறம், இன்னும் ரெண்டு மூண்டு பாப்பம்" எண்டு. இப்ப அவதான் தேடுறா, நோர்டிக் டக் 32 ஒண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவிலை இருக்காம், ரெண்டு பக்கமும் கதவாம், அதை லொறியிலை கொண்டு வர எவ்வளவு எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறா. டீசல்மணி அண்ணை, அதின்ரை அகலம் 11 அடியாம், லொறியிலை வாறதுக்கு மேல் வீட்டைக் கழட்ட வேண்டி வருமோ எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ.

ரைடோவிலை செப்டம்பர் மூண்டாம் கிழமைக்கு புக் பண்ணியாச்சு, ஏழு இரவு. லாக் ராணியிட்டை மனிசி ஒரு விசயம் கேக்கச் சொன்னவ: அந்த வாடகை போட்டிலை காஸ் அடுப்போ கரண்ட் அடுப்போ, தன்ரை குக்கரைக் கொண்டு போகலாமோ எண்டு.

---

லாக் ராணி

நாங்க எடுத்தப்ப கேஸ் தாங்க, தாராளமா கொண்டு போகச் சொல்லுங்க. குக்கர் கைப்பிடி நீளமா இருந்தா அந்த அடுப்பு கம்பிக்குள்ள உக்காராது, மூணு லிட்டர் சின்னதா போதும். லாக்குக்கு முன்னாடி நீலக் கோடு போட்ட கட்டைக்கு வந்ததும் அடுப்பை அணைச்சிடணும், விசில் வர வரைக்கும் அங்க நிக்க விட மாட்டாங்க.

---

டீசல்மணி

11 அடி அகலம் லாரிக்கு பெர்மிட்டோட போயிரும் அண்ணாச்சி, பிரச்சனை உயரம்தான். புகைபோக்கி, கம்பு, ராடார் எல்லாம் கழட்டணும். கீல்ல இருந்து ஸ்டியரிங் ரூம் கூரை வரைக்கும் எத்தன அடின்னு விக்கிறவர டேப் வச்சு அளந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பேப்பர்ல உள்ளத வேணாம். அப்படியே டெக்கு மேல வெறுங்காலோட ஒரு சுத்து நடந்துட்டு சொல்லச் சொல்லுங்க.